ஐந்தாம் சக்கரமும் ஆறு அங்குலமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. போன வாரம்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சது. அந்த நேரத்தையும் ஒரு ட்ரெய்லருக்கு அடியில மல்லாக்கப் படுத்து டார்ச் பிடிக்கறதுலயே கழிச்சேன். பொட்டி தட்டற பயலுக்கு இது தேவையான்னு வீட்ல கேட்டாங்க. தேவைதான்னு நிரூபிக்கத்தான் இந்தப் பதிவு. வரலாறு, கொஞ்சம் மெக்கானிக்கல், நடுவுல கொஞ்சம் மாட்டுவண்டி. பொறுமை இருக்கறவங்க மட்டும் தொடரவும் :-)

நான் இப்ப குப்பை கொட்டறது அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல. வடக்கே எல்க்ஹார்ட்னு ஒரு ஊர். வீட்டையே வண்டியாக் கட்டி இழுத்துட்டுப் போறாங்களே, அந்த வாகனங்கள் செய்யறதுக்குப் பேர் போன ஊர் அது. சிவகாசின்னா பட்டாசு மாதிரி, எல்க்ஹார்ட்னா இந்த வண்டி. அதனால இந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு வீட்டு வாசல்ல இது நிக்கும்.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் கிட்டயும் ஒண்ணு இருக்கு. எழுபது தாண்டியவர். குளிர்காலம் வந்தா அவரும் அவர் மனைவியும் வண்டியைக் கட்டிக்கிட்டு தெற்கே கிளம்பிடுவாங்க. வேடந்தாங்கல் பறவைங்க மாதிரி, பனி உருகினதும் திரும்பி வருவாங்க. ட்ரெய்லர் பழசு. இழுக்கற பிக்கப் லாரி புதுசு. பிரச்சினையே அங்கதான்.

லாரியில மாட்டினா ட்ரெய்லர் மூக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. பார்க்க ஏதோ விமானம் கிளம்பற மாதிரி இருக்கும். போன தடவை பயணத்துல பின் டயர் ஒண்ணு நெடுஞ்சாலையிலயே வெடிச்சிருக்கு. அதுக்கு முந்தின தடவையும் பின் டயர்தான். டயர் கம்பெனியைத் திட்டித் தீர்த்துட்டு புது டயர் போட்டார். எனக்குள்ள தூங்கிட்டிருந்த இன்ஜினியர் (நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்சிருக்கோம்ல) கண்ணைத் திறந்து, "ரெண்டு தடவையும் பின் டயரேவா?"ன்னு கேட்டான். கதை ஆரம்பம்.

முதல்ல, அஞ்சாவது சக்கரம் எங்க?

இந்த வகை ட்ரெய்லருக்குப் பேரு 'ஃபிஃப்த் வீல்'. சாதாரண ட்ரெய்லரை வண்டியோட பின் பம்பர் கிட்ட ஒரு குண்டுல மாட்டுவாங்க. இதை அப்படி இல்லாம, பிக்கப் லாரியோட தொட்டிக்குள்ளயே, பின் அச்சுக்கு நேர் மேல மாட்டுவாங்க. ட்ரெய்லர் மூக்குல தலைகீழா ஒரு தடி ஆணி தொங்கும். அதுக்கு 'கிங்பின்'னு பேரு, விட்டம் 2 அங்குலம். லாரியில இருக்கற தட்டு அந்த ஆணியைக் கவ்விப் பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல கன்டெய்னர் இழுக்கற ட்ரெய்லர் லாரியிலயும் இதே ஏற்பாடுதான், பார்த்திருப்பீங்க.

லாரியில நாலு சக்கரம், ட்ரெய்லர்ல நாலு. அஞ்சாவது எங்கன்னு நானும் குனிஞ்சு தேடினேன். கிடைக்கலை. அது இருந்தது குதிரை வண்டிக் காலத்துல.

ரெண்டு சக்கர வண்டியைத் திருப்பறது சுலபம், மாடு திரும்பினா வண்டியும் திரும்பும். நாலு சக்கரம் வந்தாத்தான் தலைவலி. நம்ம ஊர்த் தேரையே எடுத்துக்கங்க. சக்கரமெல்லாம் நேரா மட்டும்தான் ஓடும். தெருமுனையில திருப்ப முட்டுக்கட்டை போட்டு, வடத்தைப் பக்கவாட்டுல இழுத்து, தேரை அரக்கி அரக்கித்தான் திருப்பணும். வருஷத்துக்கு ஒரு நாள்னா சரி. தினமும் சவாரி போற வண்டிக்கு அது ஆகாது.

ஐரோப்பாவுல குதிரை வண்டி செஞ்சவங்க என்ன பண்ணாங்கன்னா, முன் அச்சையே நடுவுல ஒரு ஆணியில மாட்டி, முழுசா திரும்பற மாதிரி வெச்சாங்க. ஆனா ஒரே ஆணி மேல அவ்வளவு பாரமும் உட்கார்ந்தா வண்டி ஆடும், திரும்பும்போது சாயும். அதுக்காக அச்சுக்கு மேல படுக்கைவாட்டுல ஒரு இரும்பு வளையம் வெச்சாங்க. வண்டியோட உடம்பு அந்த வளையத்து மேல வழுக்கிக்கிட்டே திரும்பும். நாலு சக்கரம் நிமிர்ந்து நிக்குது, அஞ்சாவது படுத்துக்கிடக்குது. அதான் 'ஐந்தாம் சக்கரம்'. பழைய சாரட்டுல முன் சக்கரம் மட்டும் ஏன் சின்னதா இருக்குன்னு சின்ன வயசுல யோசிச்சிருக்கீங்களா? அச்சு திரும்பும்போது சக்கரம் வண்டி உடம்புக்கு அடியில போகணுமே, அதான்.

இதே சிக்கலுக்கு இன்னொரு விடையும் வந்தது. மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர்னு ஒரு வண்டித் தச்சர், அச்சை அசையாம வெச்சுட்டு, ரெண்டு முனையிலயும் சக்கரத்தை மட்டும் திருப்பற முறையைக் கண்டுபிடிச்சார். 1818ல் லண்டன்ல அதுக்குக் காப்புரிமை வாங்கினவர் ருடால்ஃப் அக்கர்மேன், அவரோட ஏஜென்ட்டா. பேரு யாருக்குப் போச்சு? அக்கர்மேனுக்குத்தான். மெக்கானிக்கல் மக்கள் 'அக்கர்மேன் ஸ்டீயரிங்'னு பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. கோட் எழுதினவன் ஒருத்தன், டெமோ காட்டி பேர் வாங்கினவன் இன்னொருத்தன். இருநூறு வருஷமா இதே கதைதான் :(

கார் வந்தப்போ அக்கர்மேன் முறை ஜெயிச்சது. ஐந்தாம் சக்கரம் காணாமப் போயிருக்கணும். ஆனா அது பின்பக்கமா வேற வேலை தேடிக்கிச்சு.

படகை இழுத்த கொல்லர்

கார் செஞ்சு வித்தவங்க முதல்ல மாட்டிக்கிட்ட பிரச்சினை, காரை வாங்கினவர் வீட்டுக்கு எப்படிக் கொண்டு சேர்க்கறதுங்கறது. ஓட்டிட்டுப் போனா புது கார் பழசாயிடும். கிளீவ்லாண்டில் அலெக்சாண்டர் விண்டன், 1898-99 வாக்கில், தன்னோட கார் ஒண்ணையே மாத்தி, அதோட பின்பக்கத்து மேல ஒரு சரிவான வண்டியோட முன்பக்கத்தை உட்கார வெச்சு இழுத்தார். பாதி பாரம் இழுக்கற வண்டி மேல, மீதி பாரம் ட்ரெய்லரோட சொந்தச் சக்கரத்து மேல.

அடுத்தது டெட்ராய்ட். 1914ல் ஃபிரெடெரிக் சிப்லின்னு ஒரு மரவியாபாரி, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்ங்கற கொல்லர் கிட்ட வந்தார். அவருக்கு ஏரிக்கரையில ஒரு கோடை வீடு, அதுக்கு ஒரு படகைக் கொண்டு போகணும். ஃபோர்டு மாடல் டி காரோட பின்பக்கத்தைக் கழட்டிட்டு, ஃப்ரூஹாஃப் ஒரு ட்ரெய்லரைச் செஞ்சு மாட்டிக் கொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. சிப்லி உடனே, "இதே மாதிரி என் மரக்கடைக்கும் வேணும்"னு கேட்டார். 'செமி ட்ரெய்லர்'ங்கற பேர் அங்க இருந்து புழக்கத்துக்கு வந்துச்சு. 1918ல் ஃப்ரூஹாஃப் ட்ரெய்லர் கம்பெனி முறையாப் பதிவாச்சு. பிற்பாடு அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்துல மிகப் பெரிய பேர் அது.

இந்தக் கதையில பலர் விட்டுடற ஆள் ஒருத்தர் இருக்கார். சார்லஸ் மார்ட்டின். மாசசூசெட்ஸில் நாக்ஸ் கம்பெனியோட சேர்ந்து இழுவை வண்டிகள் செஞ்சவர். சாரட்டுல இருந்த வளையம் இடது வலதாத்தான் திரும்பும். சாலை மேடு பள்ளமா இருந்தா? லாரி மேட்டுல ஏறும்போது ட்ரெய்லர் இன்னும் சமதரையில இருக்கும். இணைப்பு மேலயும் கீழயும் அசையலைன்னா ஏதோ ஒண்ணு உடையும். 1910களின் நடுவில் மார்ட்டின் கொண்டு வந்த தட்டு திரும்பறதோட நிக்காம முன்னும் பின்னும் சாயவும் செய்யும். அதனாலயே அதுக்கு 'ராக்கிங்' ஐந்தாம் சக்கரம்னு பேரு.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. இணைப்பு சாய்வை மன்னிச்சுடும். ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கிட்டு நின்னாலும் தட்டு ஒண்ணும் முனகாது, கச்சிதமாக் கவ்விக்கும். வலி வேற இடத்துக்குப் போகும். நம்ம பெரியவருக்கு நடந்தது அதுதான்.

விமானக்காரர் கட்டின வீடு

சரக்கு போன வண்டியில குடித்தனம் பண்ணலாம்னு நினைச்சவர் சாதாரண ஆளில்லை. கிளென் கர்ட்டிஸ். ரைட் சகோதரர்களுக்குப் போட்டியா விமானம் விட்டவர். 1920களின் கடைசியில் ஃப்ளோரிடாவுல 'ஏரோகார்'னு ஒரு ட்ரெய்லர் செஞ்சார். விமானத்துக்குப் போடற மாதிரியே லேசான மரச்சட்டம், அதை இழுத்துக் கட்ட கம்பி.

அதைக் காரோட எப்படி மாட்டினார் தெரியுமா? காரோட பின்பக்கத்துல காத்தடிச்ச டயர் ஒண்ணைப் படுக்கைவாட்டுல வெச்சார். ட்ரெய்லர் ஆணி அதோட நடுவுல இறங்கும். ரோடு தர்ற அதிர்ச்சியை எல்லாம் அந்த டயர் வாங்கிக்கும். பேருக்கு ஏத்த மாதிரி நிஜமாவே ஒரு அஞ்சாவது சக்கரம்! நான் குனிஞ்சு தேடினது கர்ட்டிஸ் வண்டியில இருந்திருக்கு :-)

1930ல் கர்ட்டிஸ் இறந்துட்டார், வயசு 52. அதே சமயத்துல பொருளாதாரமும் படுத்துருச்சு. குடித்தன ட்ரெய்லர்ல ஐந்தாம் சக்கரம் திரும்பப் பரவலானது 1960கள், 70கள்ல, பிக்கப் லாரி வீட்டுக்கு வீடு வந்த பிறகு. லாரித் தொட்டியில ஒரு தட்டைப் பொருத்தினா போதும், பெரிய வீட்டையே இழுக்கலாம்னு ஆச்சு.

யாரும் எழுதாத ஒரு அளவு

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சரக்கு லாரி உலகத்துல எந்த லாரியும் எந்த ட்ரெய்லரையும் இழுக்கணும். காலைல ஒருத்தர் கொண்டு வந்து விட்டதை சாயங்காலம் வேற ஒருத்தர் மாட்டிட்டுப் போவார். அதனால ஆணியோட விட்டம் மட்டுமில்லாம, தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல இருக்கணுங்கறதும் ஒரு மாதிரி நிலைச்சுப் போச்சு. அமெரிக்காவுல சுமாரா 47, 48 அங்குலம்.

குடித்தன ட்ரெய்லருக்கு இந்தக் கட்டாயமே வரலை. ஒருத்தர் கிட்ட ஒரு ட்ரெய்லர், அதுக்கு ஒரு லாரி. ஆணியோட விட்டத்தைச் சரக்கு லாரி கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க, உயரத்தை எடுத்துக்கலை. நம்ம பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ்ல பாதியை மட்டும் எழுதி வெச்சு, மீதியை அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. கம்பைல் ஆகும். ஓடும்போது வெடிக்கும், இங்க டயர் வெடிச்ச மாதிரி.

வருஷம் போகப் போக பிக்கப் லாரி வளர்ந்துச்சு. நாலு சக்கரத்துக்கும் இழுவை இருக்கற ஃபோர் வீல் டிரைவ் சகஜமாச்சு, சக்கரம் பெருசாச்சு, தொட்டியோட பக்கச் சுவரும் உசந்துச்சு. ட்ரெய்லர் வாங்கினவர் அதை இருபது வருஷம் வெச்சுக்கறார், லாரியை மாத்திடறார். பழைய ட்ரெய்லர் பழைய லாரியோட உயரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை.

தட்டைக் கீழே இறக்கினா என்னன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பெரியவர் தொட்டிச் சுவரைத் தட்டிக் காட்டினார். ட்ரெய்லரோட மூக்கு தொட்டிக்கு மேல நீட்டிக்கிட்டு வருது. சுவருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு 5, 6 அங்குலமாவது இடைவெளி வேணும். இல்லைன்னா பள்ளத்துல இறங்கும்போது ட்ரெய்லர் லாரியைக் கடிக்கும். அவரோடது ஏற்கனவே கடைசிப் பள்ளத்துல இறங்கி நிக்குது.

பின்பாரம்

ஊர்ல பாரவண்டி ஓட்டினவங்களைப் பார்த்திருக்கீங்களா? மூட்டை ஏத்தினதும் நுகத்தடியை ஒரு தடவை கையால தூக்கிப் பார்ப்பாங்க. முன்பாரம் அதிகம்னா மாட்டுக் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகம்னா நுகம் மேல போய் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். ரெண்டு மூட்டையை முன்னப் பின்ன நகர்த்தி சரி பண்ணுவாங்க. எங்க தாத்தா இதைச் செய்யறதைச் சின்னப் பையனா பார்த்திருக்கேன். எந்த ஃபார்முலாவும் கிடையாது.

ஐந்தாம் சக்கர ட்ரெய்லர்லயும் அதே கணக்குதான். மொத்த எடையில சுமார் 15லிருந்து 25 சதவீதம் வரைக்கும் ஆணி வழியா லாரி மேல இறங்கணும். மீதி ட்ரெய்லர் சக்கரங்கள் மேல. ஆனா இங்க மாட்டுவண்டி மாதிரி ஒரு அச்சு இல்லை, ஒண்ணு பின்னால ஒண்ணா ரெண்டு. ரெண்டுக்கும் பாரத்தைச் சமமாப் பிரிச்சுக் கொடுக்க, நடுவுல ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கு. பேரு 'ஈக்வலைசர்'. முன் அச்சோட பட்டை ஸ்பிரிங் அதோட ஒரு முனையில, பின் அச்சோடது மறுமுனையில. நம்ம பார்க்குல இருக்கற ஏத்த இறக்கப் பலகை மாதிரி ஆடும். ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா மத்ததுக்குப் பாரத்தைத் தள்ளி சமன் பண்ணும்.

ஆனா அது ஆடறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ட்ரெய்லர் மூக்கைத் தூக்கினா, சட்டத்தோட முன்பக்கம் மேல போகும், பின்பக்கம் கீழ வரும். அதை ஈடு கட்டவே ஈக்வலைசர் ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கும். அதுக்கு மேல மேடு பள்ளம் வந்தா ஆட இடமில்லை. முட்டிக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல பாரம் முழுக்கப் பின் அச்சு மேல. நாங்க அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ, ஈக்வலைசர் முட்டின இடத்துல பெயின்ட் போய் இரும்பு பளபளன்னு இருந்துச்சு. லாரிகள் எடை போடற மேடைக்குக் கொண்டு போய் அச்சு அச்சா நிறுத்தினோம். பின் அச்சுல பல நூறு பவுண்ட் அதிகம். அந்த டயர் கம்பெனி கிட்ட மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டார் பெரியவர்.

ஆறு அங்குலம்

ட்ரெய்லரைத் தனியா சமதரையில நிறுத்தி, சட்டத்து மேல ரசமட்டம் வெச்சு, மட்டமா இருக்கும்போது ஆணி எவ்வளவு உயரம்னு அளந்தோம். அப்புறம் லாரித் தட்டோட உயரம். வித்தியாசம் 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. அவ்வளவு உயரம் ட்ரெய்லரை ஏத்தணும்.

வழிகள் சில இருக்கு. ஸ்பிரிங் தொங்கற ஹேங்கருக்கும் சட்டத்துக்கும் நடுவுல இரும்புப் பெட்டிக் குழாய் வெச்சு வெல்டிங் பண்ணலாம். ரெண்டு, மூணு அங்குலம் வேணுங்கறவங்க இப்படிப் பண்ணுவாங்க. பெருசா ஏத்தணும்னா பழைய முறை ஒண்ணு. இந்த மாதிரிப் பழைய ட்ரெய்லர்கள்ல பல, பட்டை ஸ்பிரிங் அச்சுக்குக் கீழ தொங்கற மாதிரி இருக்கும், உயரம் கம்மியா இருக்கட்டும்னு. அதை அச்சுக்கு மேல கொண்டு வந்துட்டா, அச்சுக்குழாயோட விட்டம் 3 அங்குலம், பட்டைகளோட கனம் ரெண்டரைக்குப் பக்கம், உட்கார வைக்கற தகடு கொஞ்சம். கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 6.

இதுல ஒரு கண்ணி இருக்கு. "ஸ்பிரிங்கை எதுக்குக் கழட்டி மாட்டணும், அச்சையே தலைகீழாத் திருப்பிட்டா வேலை முடிஞ்சுதே"ன்னு நான் சொன்னேன். பெரியவர் சிரிச்சார். ட்ரெய்லர் அச்சு பார்க்க நேர்க்குழாய் மாதிரி இருந்தாலும் நடுவுல லேசா மேல வளைச்சிருப்பாங்களாம். பாரம் ஏறினதும் அது நேராகி சக்கரம் நிமிர்ந்து நிக்கும். தலைகீழாத் திருப்பினா வளைவு கீழ போயிடும், பாரம் ஏறினா இன்னும் கீழ வளையும், டயரோட உள்பக்கம் தேஞ்சே போயிடும். அதனால அச்சை அப்படியே விட்டுட்டு, அதோட மேல்பக்கத்துல புது உட்காரும் தகடை வெல்டிங் பண்ணணும். நான் வாயை மூடிக்கிட்டு டார்ச்சை ஒழுங்காப் பிடிச்சேன்.

வெல்டிங்கை அதுக்குன்னு இருக்கற பட்டறையில கொடுத்தார். "இதை நானே செய்யக் கூடாது, பின்னால வர்ற காருக்காரன் என்ன பாவம் பண்ணான்"னு சொன்னார்.

எல்லாம் முடிஞ்சு லாரியில மாட்டினோம். ரசமட்டத்துல குமிழி நடுவுல நின்னுச்சு. ஈக்வலைசர் நேரா. நான் கை தட்டப் போனேன். அப்பதான் அந்தம்மா வெளியில வந்தாங்க.

அவங்களுக்கு மூட்டுவலி. ரெண்டு முழங்காலும். இவ்வளவு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறின படி, இப்ப தரையிலிருந்து இன்னும் 6 அங்குலம் மேல. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வாரமா டயர், ஸ்பிரிங், எடைன்னே மூளை ஓடிச்சே தவிர, இது தோணவே இல்லை. அவங்க ஒண்ணும் சொல்லலை. படியைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க, உள்ள போயிட்டாங்க.

பெரியவர் அன்னிக்கு சாயங்காலமே ஷெட்டுல உட்கார்ந்து மரத்துல அகலமா ஒரு படி செஞ்சார், பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. அந்தம்மா ரெண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாங்க. "முன்னைக்கு இப்ப பரவாயில்லை, ஏன் இதை முன்னாடியே செய்யலை?"ன்னு கேட்டாங்க. அவர் கிட்ட பதில் இல்லை. என் கிட்டயும் இல்லை.

கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு செஞ்சோம். கூரை மேல இருக்கற ஏசி வரைக்கும் டேப் பிடிச்சு மொத்த உயரத்தை அளந்தோம். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல வாகன உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். அதுக்குள்ளதான் இருக்கு. ஆனா எல்லாப் பாலமும் அந்த உயரம் இல்லையே. வட கரோலினாவில் டர்ஹாம் ஊர்ல 11 அடி 8 அங்குலத்துல ஒரு ரயில் பாலம் இருந்துச்சு. வாடகை லாரிங்க வரிசையா வந்து கூரையைச் சீவிக்கிட்டுப் போறதை 2008லிருந்து ஒருத்தர் கேமரா வெச்சுப் படம் பிடிச்சார், நீங்களும் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. கடைசியில 2019ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினாங்க. அதுக்கப்புறமும் வந்து இடிச்ச லாரி உண்டு. உயரத்தை மாத்தினா மட்டும் பத்தாது, மாத்தின உயரத்தை ஓட்டறவன் மனசுல ஏத்திக்கணும். பெரியவர் புது அளவைப் பெரிய எழுத்துல எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கிட்டார்.

நேத்து தெற்கே போய்ச் சேர்ந்துட்டோம்னு போன் பண்ணார். நாலு டயரும் ஒரே சூட்டுல இருந்துச்சாம், வழியில நிறுத்தின இடத்துல எல்லாம் தொட்டுப் பார்த்திருக்கார். எங்க தாத்தா நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த மாதிரி.

டிஸ்கி: முன்பாரம், பின்பாரத்துக்கு உங்க ஊர்ப்பக்கம் வேற சொல் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. வண்டி ஓட்டின தாத்தாக்கள் யாராவது இருந்தா கேட்டுச் சொன்னா இன்னும் சந்தோஷம். நான் கேட்டு வெச்சுக்காம விட்டுட்டேன்.